எலிசா வீட்டு நத்தார்ப் பந்தி

கலியாணமான முதற்கிழமையே ஜெகதீஸ்வரி ஒரு சோற்றுக் கோப்பை பறப்பதைப் பார்த்தாள். அது அடுப்படிச் சுவரில் போய் மோதியது. முருங்கைக்காய்க் கறி வெள்ளையடித்த சுவரில் வழிய, சிவநேசம் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். கறிக்குள் கறிவேப்பிலைக் காம்பு ஒன்று கிடந்ததாம், அது புழு மாதிரித் தெரிந்ததாம். புழு மாதிரிக் காம்பு போட்டது யார் குற்றம்? சமைத்தவள் குற்றம்.

சிவநேசம் அருவருப்புக்காரர் என்று ஊரே சொல்லும். அதையும் ஏதோ பட்டம் வாங்கிய மாதிரிப் பெருமையாகச் சொல்லும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு. பிறத்தியார் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். ஆட்டு இரத்தம் வறுக்கிற வீடு ஒன்று ஒழுங்கையில் இருந்தது. அங்கே சட்டி அடுப்பில் ஏறிய நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்று வழியால் வேலைக்குப் போவார். கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பார். அவர் சாப்பிடும்போது ஜெகதீஸ்வரி பின்னால் நின்று அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பாள். மூக்கால் ஒரு சின்னச் சீறல் வந்தால் கோப்பை பறக்கப் போகிறது என்று அர்த்தம். அவர் எழும்பிய பிறகு, ஆறிப்போன மிச்சத்தை அவள் அடுப்படி மூலையில் குந்தியிருந்து தின்பாள்.

"என்ன செய்யிறது பிள்ளை, அது பிறவிக் குணம்" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவளும் அதை நம்பினாள். சிலருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, இவருக்கு உலகமே ஒத்துக்கொள்ளவில்லை, பாவம் அந்த மனிதர் என்று சில நாட்களில் இரக்கப்பட்டும் இருக்கிறாள். பதின்மூன்று வருடம் இப்படிப் பயந்து பயந்தே சமைத்தாள். பிள்ளைகள் இல்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு சிவநேசம் நாட்டை விட்டு ஓடி, மொன்றியலில் அகதியாகப் பதிந்தார். அவர் கூப்பிடும் வரைக்கும் நாலு வருடம் அவள் ஊரில் தனியே இருந்தாள். ஹெலிகொப்டர் சுட்டது, ஷெல் விழுந்தது, ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாலு வருடமும் அவள் சுடச்சுடச் சாப்பிட்டாள். பிடித்ததைச் சமைத்து, சட்டியிலிருந்து நேரே கோப்பையில் போட்டு, காலை நீட்டி இருந்து சாப்பிட்டாள். வெட்கக்கேடு, இதை யாரிடம் சொல்வது?

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியபோது அவளுக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது. இந்த மனிதர் இன்னும் கோப்பை எறிகிறாரா, இல்லையா? மிச்சம் இருக்கிற வாழ்க்கை எப்படிப் போகும் என்பது அந்த ஒன்றில்தான் கிடந்தது.

பதில் அடுத்த நாள் மத்தியானமே கிடைத்தது. மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் எலிசா என்ற பிலிப்பீன்ஸ் விதவையின் வீட்டில் சிவநேசம் பின் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். சமையலறை எல்லாருக்கும் பொது. ஜெகதீஸ்வரி குளித்து முழுகி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்து அறைக்குள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குனிந்தார். மூக்கால் சீறினார். "குழாய்த் தண்ணி மணக்குது" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கோப்பையிலிருந்த அத்தனையையும் குப்பைவாளிக்குள் மெல்லக் கொட்டி, மேலே பத்திரிகைத் தாளைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

சுவர் மெல்லிய சுவர், அந்தப் பக்கம் எலிசா இருக்கிறாள். எறிவது மட்டும்தான் நின்றிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அன்றைக்கே திரும்பிப் போக ஒரு விமானம் இருந்திருந்தால் அவள் ஏறியிருப்பாள்.

அவர் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைப் பிறகு தியாகராசா சொன்னான். ஊர்ப் பொடியன், செயின்ட்-மிஷேலில் இன்னும் ஏழு பேரோடு ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தான். சிவநேசமும் முதலில் அங்கேதான் இருந்தாராம். பொடியள் முறைபோட்டுச் சமைப்பார்கள்.

"அண்ணை ரெண்டாம் நாளே கோப்பையைத் தள்ளிப்போட்டார் அக்கா. மூண்டாம் நாள் நாங்கள் அவரின்ரை சூட்கேசைத் தள்ளிப்போட்டம்" என்றான் தியாகராசா. "பேந்து அந்த எலிசா மனுசிதான் பாவம் பாத்து அறை குடுத்தது. வேலையும் எடுத்துக் குடுத்தது."

வேலை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். எலிசா அங்கே மேற்பார்வை பார்ப்பவள். சிவநேசம் அவளுக்குக் கீழே கோப்பை கழுவுபவர். கிழவர்கள் கடித்து வைத்ததையும் துப்பி வைத்ததையும் வழித்துக் கொட்டிக் கழுவுகிற வேலை. அதை நினைத்து ஜெகதீஸ்வரி உள்ளுக்குள் கலங்கினாள். எவ்வளவு அருவருப்புப்பட்டிருப்பார், பாவம்.

அந்தப் பாவம் பார்க்கிற குணம் மார்கழியோடு போய்விட்டது.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு முதல் நாள் எலிசா சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். ஜெகதீஸ்வரி ஊரில் மீன் தின்றவள், ஆடு தின்றவள், ஒன்றும் அறியாத ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பன்றிக் குடல் அவிந்த மணம் கதவிடுக்கால் வந்து அவளுடைய தலைமயிருக்குள் குடியேறியது. தேத்தண்ணீர் போடலாம் என்று போனவள் மேசையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கண்டாள். உள்ளே பன்றி இரத்தம், பாதி உறைந்து கட்டிபட்டுக் கிடந்தது. எலிசா கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டு அந்தக் கட்டிகளைப் பிசைந்து கரைத்துக்கொண்டே, கடையில் போய் நல்ல வாழைக்காய் வாங்கிய கதையைச் சொல்வது மாதிரி, எந்த இறைச்சிக்கடையில் இது புதிதாகக் கிடைக்கும் என்று சொன்னாள். பக்கத்தில் இறால் கூனியைப் புளிக்க வைத்த போத்தல் திறந்து கிடந்தது. செத்த எலி மணம்தான், வேறு ஒரு மணமும் இல்லை. ஜெகதீஸ்வரி தேத்தண்ணீரை மறந்து குளியலறைக்கு ஓடினாள்.

"நாளைக்கு நீயும் உங்கள் சாப்பாடு ஒன்று செய்து மேசைக்குக் கொண்டுவா, ஜெகா" என்று எலிசா கதவுக்கு வெளியே நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நத்தார் மேசையில் எல்லா வீட்டுச் சாப்பாடும் இருக்க வேண்டும்."

நல்ல மனுசி, அதில் சந்தேகம் இல்லை. ஜெகதீஸ்வரி வாயைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

நத்தார் அந்த வருடம் வெள்ளிக்கிழமையில் வந்தது. மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை, வீட்டில் மீனே ஏறாத நாள். அவள் விடிய எழும்பித் தலை முழுகி, எலிசாவின் மணங்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இடியப்பம் பிழிந்தாள், உருளைக்கிழங்கு போட்டுச் சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் தகரத்தில் வந்ததுதான். வேறு வழி இல்லை. தேசிக்காய் பிழிந்து உப்புப் பார்த்தாள். நன்றாகவே வந்திருந்தது.

சிவநேசம் சேட்டுக்குப் பொத்தான் போட்டபடி ஒழுங்கு சொன்னார்.

"இஞ்சாரும், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அதுகளின்ரை சாமான் ஒண்டிலையும் நீர் கை வைக்கப்படாது. விரதம் எண்டு சொல்லும்."

"நீங்கள்?"

"எலிசாவின்ரை மனம் கோணப்படாது. நான் எப்பிடியோ சமாளிப்பன்."

மத்தியானம் மேசையில் ஈ இருக்க இடம் இல்லை. நடுவே அடுப்பில் வாட்டிய பன்றி வயிற்று இறைச்சி, தோல் பொருமிக் குமிழ் விட்டிருந்தது. அதில் ஒரு இடத்தில் மயிர் மூன்று நிமிர்ந்து நின்றதை ஜெகதீஸ்வரி கண்டாள், கண்ட பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் அன்னாசித் துண்டுகளை ஊசியால் குத்திப் பிடித்த இனிப்புப் பன்றித்தொடை. சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாற்கட்டி ஒன்று, வெட்டிய பக்கத்தால் வேர்த்துக்கொண்டு இருந்தது. நூடில்ஸுக்குள் எது இறால் எது ஈரல் என்று தெரியவில்லை. எலிசாவின் மகள் கத்தரின் வங்கியில் வேலை செய்பவள், நாகரிகமான பிள்ளை. அவளுடைய பங்கு ஸ்பகெட்டி. தக்காளிக் குழம்பில் சீனியை அள்ளிக் கொட்டி, சிவப்புச் சாயம் போட்ட சொசேஜ் துண்டுகளை மிதக்க விட்டிருந்தாள். போதாததற்கு, தகரத்துப் பழங்களையும் அவித்த மக்கரோனியையும் டின்பாலில் குழைத்து ஒரு பெரிய கண்ணாடிச் சட்டி. பாயசத்துக்குள் யாரோ மத்தியானச் சாப்பாட்டைத் தவறிப்போய்க் கொட்டிவிட்டதாக ஜெகதீஸ்வரி நினைத்தாள். விருந்துக்கு வந்த பிள்ளைகள் அதற்குத்தான் அடிபிடிப்பட்டார்கள்.

இரத்தக் கறி மேசை மூலையில் இருந்தது. டினுகுவான் என்றார்கள். தார் மாதிரிக் கறுப்பு. குடல் துண்டுகளும் பச்சைமிளகாயும் மேலே தலைகாட்டின, வினாகிரி மணம் மூக்கில் ஏறியது. தொட்டுத் தின்ன அரிசிமா அவித்த வெள்ளை அப்பம், பார்க்க இட்லிதான். அந்த இட்லி முகத்தை அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் பார்த்தபோதுதான் அவளுக்கு இன்னும் மோசமாகக் குமட்டியது.

எலிசாவின் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். செபம் சொல்லி முடிந்ததும் ஜெகதீஸ்வரி பழக்கதோஷத்தில் சிவநேசத்தின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள். எலிசா "இரு, இரு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். விரதம், பிறகு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சிவநேசம் கோப்பையை எடுத்து, நேரே இரத்தக் கறியிடம் போனார். இரண்டு அகப்பை போட்டார். சோற்றோடு குழைத்தார், உருட்டினார், வாய்க்குள் போட்டார். இன்னொன்று. குடல் துண்டு ஒன்று உதட்டில் தொங்க, அதையும் நாக்கால் இழுத்துக்கொண்டார். கறிவேப்பிலைக் காம்புக்குக் கோப்பை எறிந்த வாய் அது.

"பார்த்தாயா?" எலிசா அவளுடைய காதுக்குள் சொன்னாள். "ஒவ்வொரு வருடமும் உன் புருஷன் முதலில் அதைத்தான் முடிப்பார். என் பிள்ளைகள் ஒருத்தரும் அதைத் தொடமாட்டார்கள். என் மனுசன் போன பிறகு இந்த வீட்டில் அதைத் தின்ன ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது இவருக்காகத்தான் காய்ச்சுகிறேன்."

கோப்பை வெறுமையானதைக் கண்டதும் எலிசா போய் இன்னும் இரண்டு அகப்பை போட்டாள். அவர்களுடைய வழக்கம் அது. வெறுங்கோப்பை என்றால் விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை. சிவநேசம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்றார்.

அந்தச் சிரிப்பில்தான் ஜெகதீஸ்வரி விஷயத்தைப் பிடித்தாள். பதின்மூன்று வருடம் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே சீவித்தவளுக்குத் தெரியாதா? அவருடைய காது மடல் சிவந்திருந்தது. நெற்றியோரத்து நரம்பு துடித்தது. ஒவ்வொரு உருண்டையையும் மெல்லாமல் விழுங்கி, உடனே தண்ணீர் குடித்தார். அவர் அதை விரும்பித் தின்னவில்லை. குடல்வரை அருவருத்துக்கொண்டு தின்றார். மோசமானதை முதலில் தொலைத்துவிடலாம் என்று அவசரமாக விழுங்கினார். அதைப் பார்த்து எலிசா, ஆசைப்பட்டுத் தின்கிறார் என்று மேலும் மேலும் போட்டாள். மூன்று நத்தார் இப்படியே போய், இது நாலாவது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வரப் பார்த்தது. பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

விழுங்கத் தெரிந்திருக்கிறது இந்த மனிதருக்கு. பிறவிக் குணமாவது மண்ணாவது. வாடகை அறை போய்விடும், வேலை போய்விடும் என்றால் பன்றியின் இரத்தத்தையும் வெள்ளிக்கிழமையில் சிரித்துக்கொண்டு விழுங்குவார். அவளுடைய முருங்கைக்காயை விழுங்காமல் விட்டது, விழுங்க முடியாமல் அல்ல. விழுங்கத் தேவை இருக்கவில்லை. அவளிடம் என்ன போய்விடப் போகிறது அவருக்கு? ஜெகதீஸ்வரிக்கு மேசையிலிருந்த குடலும் கூனியும் மயிர் முளைத்த தோலும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அதைவிட அருவருப்பான ஒன்றோடு பதின்மூன்று வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறாள்.

இடியப்பமும் சொதியும் கைமாறிக் கைமாறி வந்தன. கத்தரின் இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். கிண்ணம் சிவநேசத்திடம் வந்தது. அவர் குனிந்தார். மூக்கால் சீறினார். முகத்தில் எலிசாவுக்கான சிரிப்பு அப்படியே இருக்க, தமிழில் சொன்னார்.

"தகர மணம். தண்ணி மாதிரிக் கிடக்கு. ஆர் தின்னிறது இதை? எடும் அங்காலை."

புறங்கையால் கிண்ணத்தைத் தள்ளினார். சொதி தளும்பி மேசைவிரிப்பில் சிந்தியது.

ஜெகதீஸ்வரி கிண்ணத்தை எடுத்தாள். அவருடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, கறுத்துக் கிடந்த அந்தச் சோறு மூழ்கும்வரை சொதியை ஊற்றினாள். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்து, பார்க்கவே சகிக்காத ஒரு நிறமாக ஓடியது.

"சாப்பிடுங்கோ" என்றாள்.

"உமக்கென்ன விசரே?" சிரிப்பு இன்னும் குலையவில்லை, காது மட்டும் இன்னும் சிவந்தது.

"இரத்தம் இறங்கின தொண்டையிலை சொதி இறங்காதே? இஞ்சை சுவரிலை எறியேலாது. குப்பைவாளியும் தூரத்திலை. சாப்பிடுங்கோ."

அவள் குரலை உயர்த்தவில்லை. எலிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன சொல்கிறாய் ஜெகா என்று கேட்டாள்.

"கலந்து தின்றால் அவருக்கு இன்னும் விருப்பம்" என்று ஜெகதீஸ்வரி ஆங்கிலத்தில் சொன்னாள். "இன்னும் வேணுமாம்."

எலிசாவின் முகம் மலர்ந்தது. சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் கிடந்த குடலெல்லாவற்றையும் வழித்து அவருடைய கோப்பையில் போட்டு, முதுகில் தட்டினாள். பன்னிரண்டு முகங்கள் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தன. சிவநேசம் குழைத்தார். உருட்டினார். விழுங்கினார்.

ஜெகதீஸ்வரி ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். விரதச் சாப்பாட்டுக்கு என்ன குறை? இடியப்பம் மூன்றை எடுத்து, மிச்சமிருந்த சொதியைப் போட்டுக்கொண்டாள். சூடாகவே இருந்தது. அவர் தின்று முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

பின்னேரம் அறைக்குள் அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தார், குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல்.

"நாலு பேருக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டீர்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"உங்களைப் பாக்க எனக்கு அருவருப்பாக் கிடக்கு" என்றாள் ஜெகதீஸ்வரி. "சோத்தைப் பாத்து இல்லை. உங்களை."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதுவரை அவர் ஒருவர்தான் பாவித்து வந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் சோறும் பருப்பும் புடலங்காயும் வைத்தாள். தான் முதலில் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், பிறகு அவருக்குப் போட்டுக் கொடுத்தாள். சிவநேசம் குனிந்தார். மூக்கால் ஒரு சின்னச் சீறல் வந்தது. கை கோப்பையின் விளிம்புக்குப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் எலிசா பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது.

"எலிசா" என்று ஜெகதீஸ்வரி கூப்பிட்டாள்.

"என்ன ஜெகா?"

சிவநேசம் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். அவசரமாக ஒரு பிடி சோற்றை வாய்க்குள் போட்டார், மென்றார், அவளைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

"ஒன்றுமில்லை எலிசா" என்றாள் அவள். "சாப்பாடு எப்படி என்று கேட்டேன். நல்லதாம்."